வாய் பேசாத படங்கள், வயிறு குலுங்கச் சிரித்த சனங்கள்

சித்திரை வருடப் பிறப்பு வந்து இரண்டு நாளில், ஏப்ரல் 16 ஆம் திகதி, ஒரு மனிதரின் பிறந்த நாளும் வருகிறது. 1889 இல் லண்டனில் பிறந்தவர். பெயர் சார்ளி சப்ளின். சின்ன மீசை, இறுக்கமான கோட்டு, தொளதொளத்த காற்சட்டை, அளவில்லாத பெரிய சப்பாத்து, கையில் ஒரு பிரம்பு. இந்த உருவத்தைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. எங்கட பேரப்பிள்ளையளுக்கும் தெரியும். ஆனால் இந்த உருவம் எங்கேயிருந்து வந்தது, அந்தக் காலத்து இருபது நிமிசப் பகிடிப் படங்களை யார் எடுத்தார்கள், யார் காசு கொடுத்துப் பார்த்தார்கள் என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. வருடப் பிறப்பு மலரில் இந்தக் கதைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாஷை தெரியாத நாட்டில் வந்து இறங்கிய சனங்களின் கதை இது. அதனால் எங்களுக்கும் கொஞ்சம் உரித்தானது.

தடி கொடுத்த பெயர்

இந்த வகைப் பகிடிக்கு ஆங்கிலத்தில் ‘சிலாப்ஸ்டிக்’ என்று பெயர். அடிக்கிற தடி என்பதுதான் அதன் கருத்து. பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மெல்லிய பலகைத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த ஒரு தடியை வைத்திருப்பார்கள். அதால் ஒருவருக்கு அடித்தால் ‘படார்’ என்று பெரிய சத்தம் வரும். நோ மட்டும் பெரிதாக வராது. முழுக் கலையும் இந்தச் சின்னத் தந்திரத்தில்தான் நிற்கிறது. விழுகிறவன் எழும்புவான் என்று பார்க்கிற சனத்துக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் பயமில்லாமல் சிரிக்கலாம்.

சினிமா பிறந்த நாளிலேயே இந்தப் பகிடியும் கூடவே பிறந்துவிட்டது. 1895 டிசம்பர் 28 இல் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சனங்களுக்குப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய பத்துச் சின்னப் படங்களில் ஒன்று தோட்டக்காரனின் கதை. ஒருவர் குழாயால் தண்ணி அடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு குழப்படிப் பெடியன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணி நின்று விடுகிறது. என்ன நடந்தது என்று தோட்டக்காரர் குழாய் வாயைக் குனிந்து பார்க்க, பெடியன் காலை எடுக்கிறான். தண்ணி முழுக்க முகத்தில்! பிறகென்ன, கலைத்துப் பிடித்து அடிதான். ஒரு நிமிசமும் இல்லாத படம். ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பாரிஸ் சனத்துக்கும் விளங்கியது, இன்றைக்கு எங்கட மூன்று வயதுக் குழந்தைக்குக் காட்டினாலும் விளங்கும்.

பிறகு பிரான்சில் மக்ஸ் லிண்டர் என்ற நடிகர் வந்தார். நல்ல உடுப்பும் உயர்ந்த தொப்பியும் போட்ட கனவான் ஒருவர் சங்கடத்தில் மாட்டுப்படுவதுதான் அவருடைய படங்கள். சப்ளினே அவரைத் தன் குரு என்று மரியாதை செய்தவர். முதலாம் உலகப் போர் 1914 இல் தொடங்கி ஐரோப்பாவின் படத்தொழிலைக் குலைத்துப் போட, பகிடிப் படங்களின் தலைநகரமாக அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாறியது. அங்கே ஏற்கனவே 1912 இல் ‘கீஸ்ரோன்’ என்ற பகிடிப் படக் கொம்பனி தொடங்கியாகிவிட்டது. அதை நடத்திய மக் செனற் ஐரிஷ் பெற்றோருக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து இரும்பு ஆலையில் கூலி வேலை செய்தவர். அவர் படங்களில் சட்டமும் ஒழுங்கும் காக்க வந்த பொலிஸ்காரர்கள் காரிலிருந்து கொத்துக் கொத்தாக விழுவார்கள், சுவரில் மோதுவார்கள், ஒருவரை ஒருவர் இடறி விழுத்துவார்கள். சீருடைக்காரரைக் கண்டு நடுங்கிப் பழகிய சனம் அதைப் பார்த்து எப்படிச் சிரித்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கோ.

ஐந்து சதக் கொட்டகை

யார் அந்தச் சனம்? 1905 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஒரு கடை அறைக்குள் படம் காட்டத் தொடங்கினார்கள். அனுமதி ஐந்து சதம். ஐந்து சத நாணயத்தை அங்கே ‘நிக்கல்’ என்பார்கள். அந்தப் பெயராலேயே அந்தக் கொட்டகைகளுக்கு ‘நிக்கலோடியன்’ என்று பெயர் வந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் முளைத்தன. பிற்ஸ்பேர்க் உருக்கு ஆலைகளின் ஊர். ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதி ஐரோப்பாவின் ஏழை நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

அது பெரிய குடிபெயர்வுக் காலம். 1907 என்ற ஒரே வருடத்தில் நியூயோர்க் துறைமுகத்து எல்லிஸ் தீவு வழியாக மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதர், இன்னும் எத்தனையோ பேர். பகல் முழுக்க வேலை. வீடு என்று சொல்ல ஒரு அறைக்குள் பத்துப் பேர். நாடகத்துக்குப் போகலாம் என்றால் காசும் வேணும், ஆங்கிலமும் வேணும். ஆனால் ஐந்து சதக் கொட்டகையில் ஒரு மரக் கதிரையில் போய் இருந்தால், பியானோ ஒருவர் வாசிப்பார், படம் ஓடும். இடையிடையே வருகிற எழுத்து அட்டையை வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. விழுந்தவன் ஏன் விழுந்தான் என்று கண்ணே சொல்லிவிடும்.

மொழி இல்லாதது அந்தப் படங்களுக்குக் குறையாக இருக்கவில்லை. எழுத்து அட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு வேறு மொழி அட்டையை ஒட்டினால், அதே படம் எந்த நாட்டுக்கும் போகும். உலகம் முழுக்க ஒரே பகிடிக்கு ஒரே நேரத்தில் சிரித்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கையால் சுற்றிய கமரா

அந்தப் படங்கள் எடுத்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சுருள் படம் என்றால் ஏறத்தாழ 1,000 அடி நீளம். ஓடுகிற வேகத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நிமிசம் வரும். பகிடிப் படங்கள் பெரும்பாலும் ஒரு சுருள் அல்லது இரண்டு சுருள். கமராவைக் கையால் சுற்றுவார்கள், செக்கனுக்கு 16 படம் அளவில். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினால், திரையில் ஓடும்போது ஆட்கள் விறுவிறென்று பறப்பார்கள். துரத்தல் காட்சிகளில் காரும் பொலிசும் பேய் பிடித்த மாதிரி ஓடுவது இந்தத் தந்திரத்தால்தான். அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் பிடிபடாது, கறுப்பாகத்தான் விழும். ஆகவே நடிகர்கள் முகத்தில் வெள்ளை பூசினார்கள்.

பிற்காலத்தில் பேசும் படத்துக்கு ஏற்ப செக்கனுக்கு 24 என்ற வேகத்தில் இந்தப் பழைய படங்களை ஓட்டியதால், மெதுவாக நடக்க வேண்டிய இடத்திலும் ஆட்கள் வெட்டி வெட்டி நடந்தார்கள். எங்களில் பலர் ரெலிவிஷனில் பார்த்தது அந்த அவசர வேகத்தைத்தான். சரியான வேகத்தில் பார்த்தால் அது வேறு கலை. முகத்தில் ஒரு எண்ணம் வருவதும் மறைவதும் தெரியும்.

முறையான கதை எழுதி வைத்து எடுப்பது கீஸ்ரோனில் குறைவு. பூங்காவில் சனம் கூடினால் அங்கே போவார்கள், எங்கேயாவது பந்தயம் நடந்தால் அங்கே போவார்கள். 1914 பெப்ரவரி 7 இல் வெளிவந்த ஒரு படத்தில்தான் சப்ளினின் அந்த நாடோடி உருவத்தைச் சனம் முதன்முதலாகத் திரையில் கண்டது. கலிபோர்னியாவின் வெனிஸ் என்ற இடத்தில் பிள்ளையளுக்கான கார்ப் பந்தயம் ஒன்று நடக்கிறது. நிசமான பந்தயம், நிசமான சனம். அதைப் படமெடுக்கக் கமராக்காரர் வந்து நிற்கிறார். இந்த மனிதன் திரும்பத் திரும்பக் கமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். தள்ளிவிடுகிறார்கள். திரும்பி வருகிறான். பிடித்து இழுத்து விழுத்துகிறார்கள். உடுப்பைத் தட்டிக்கொண்டு எழும்பி, பிரம்பைச் சுழற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறான். படம் இவ்வளவுதான். தன்னை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் போய் நின்று, ‘நானும் இருக்கிறன்’ என்று காட்டுகிற ஒருவனின் கதை.

கப்பலில் வந்த இரண்டு பேர்

சப்ளினுக்கு அந்த நடிப்பு சும்மா வரவில்லை. தகப்பன் குடியால் அழிந்தவர். தாய் மேடைப் பாடகி, குரல் போய், பிறகு மனநோயால் வைத்தியசாலைக்குப் போனவர். ஏழு வயதில் அவர் லண்டனில் அநாதரவானவர்களை வைத்திருக்கும் அரசாங்க விடுதிக்குள் போனார். வறுமையை ஏட்டில் படித்தவர் இல்லை.

1910 இல் பிரெட் கார்னோ என்பவரின் நாடகக் கொம்பனியோடு ‘கேர்ன்ரோனா’ என்ற கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்தார். கப்பல் கரை சேர்ந்தது கனடாவின் கியூபெக்கில். அதே கப்பலில் அதே கொம்பனியில் இன்னொரு இளைஞனும் இருந்தார். பிற்காலத்தில் லோரல்–ஹார்டி என்று உலகம் அறிந்த இரட்டையரில் மெலிந்தவரான ஸ்ரான் லோரல்தான் அவர். ஆக, அமெரிக்கப் பகிடி என்று நாங்கள் சொல்லுகிற இந்தப் படங்களின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே கப்பலில் வேலை தேடி வந்த பெயர்கள்.

1913 முடிவில் சப்ளின் கீஸ்ரோனில் சேர்ந்தபோது சம்பளம் கிழமைக்கு 150 டொலர். 1916 இல் ‘மியூச்சுவல்’ என்ற கொம்பனியோடு செய்த ஒப்பந்தம் வருடத்துக்கு 670,000 டொலர். வயது 26. அந்த ஒப்பந்தத்தில் அவர் எடுத்தது 12 படங்கள், எல்லாம் இரண்டு சுருள். அவற்றில் பதினொராவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணமான படம்.

குடியேற வந்தவன்

படத்தின் பெயர் ‘இமிகிரன்ற்’. குடியேற வந்தவன் என்று சொல்லலாம். 1917 ஜூன் 17 இல் வெளிவந்தது.

ஆடுகிற கப்பல். தளத்தில் ஏழைச் சனம் குவிந்து கிடக்கிறது. சப்ளின் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, கப்பல் விளிம்பில் கவிழ்ந்து கிடந்து குலுங்குகிறார். பாவம், கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுக்கிறார் என்று நினைக்கிறோம. ஆள் திரும்புகிறார், கையில் தூண்டிலும் மீனும்! சாப்பாட்டு அறையில் மேசைக் கோப்பை கப்பல் ஆட ஆட அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வழுக்குகிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பேர் ஒரே கோப்பையில் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக் குடிக்கிறார்கள்.

கப்பலில் ஒரு இளம்பெண்ணும் நோயாளித் தாயும். பெண்ணாக நடித்தவர் எட்னா பேர்வியன்ஸ். தாயின் காசை ஒரு சூதாடி திருடிவிடுகிறான். அவனோடு சீட்டு விளையாடி வென்ற காசைச் சப்ளின் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவளுடைய பொக்கெற்றில் வைக்கிறார். வைத்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் வேணுமே என்று ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கிறார். அதைக் கண்ட அதிகாரி கள்ளன் என்று பிடிக்கிறார். உதவி செய்யப் போனவன் கள்ளனாகிற இந்தக் காட்சியில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

அடுத்தது பார்க்க வேண்டிய இடம். சுதந்திர பூமிக்கு வந்து சேர்ந்தோம் என்று எழுத்து அட்டை சொல்கிறது. தூரத்தில் சுதந்திர தேவி சிலை. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே கணத்தில் அதிகாரிகள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, மாட்டுப் பட்டியை அடைப்பது போல் அந்தச் சனத்தைக் குறுக்கே கட்டி ஒதுக்குகிறார்கள். சப்ளின் கயிற்றையும் பார்க்கிறார், சிலையையும் இன்னொரு முறை பார்க்கிறார். ஒரு சொல்லும் இல்லை. சமயம் பார்த்து ஒரு அதிகாரியின் பின்பக்கத்தில் ஒரு உதை கொடுக்கிறார். அவ்வளவுதான்.

இந்தப் படம் வந்த வருடத்தைக் கவனியுங்கோ. 1917 பெப்ரவரி 5 இல், ஜனாதிபதி வில்சன் மறுத்தும் கேளாமல், அமெரிக்கக் காங்கிரஸ் புதிய குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, ஏதாவது ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்களை வாசித்துக் காட்டினால்தான் உள்ளே வரலாம். அதே சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து குடியேற வருபவர்களுக்குக் கதவைப் பூட்டியது. நாலு மாதம் கழித்து இந்தப் படம் வருகிறது. வாசிக்கத் தெரியாதவனுக்கு இடமில்லை என்று அரசாங்கம் சொன்ன அதே வருடத்தில், வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் படத்துக்கு முழு நாடும் காசு கொடுத்து வரிசையில் நின்றது.

ஒரு நாணயமும் ஒரு தொப்பியும்

படத்தின் இரண்டாவது பாதி ஒரு மலிவான சாப்பாட்டுக் கடை. பசியோடு வருகிற சப்ளினுக்குத் தெருவில் ஒரு நாணயம் கிடைக்கிறது. பொக்கெற்றில் போடுகிறார். பொக்கெற்றில் ஓட்டை. நாணயம் கீழே விழுந்தது அவருக்குத் தெரியாது. உள்ளே போய் அவிச்ச அவரை விதை ஒரு தட்டு வாங்கி, ஒவ்வொரு விதையாக ரசித்துச் சாப்பிடுகிறார். தொப்பியைக் கழற்று என்று மலை போன்ற ஒரு பரிமாறுகிறவர் வந்து முறைக்கிறார். அந்த நாட்டு முறை அவருக்குத் தெரியாது. தொப்பியை வைத்தே ஒரு சண்டை.

அங்கே அந்தக் கப்பல் பெண்ணைக் காண்கிறார். சந்தோசத்தில் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துகிறார். அவள் கையில் கறுப்புக் கரை போட்ட கைக்குட்டை. தாய் இறந்துவிட்டாள் என்று அதைக் கண்டுதான் அவருக்கு விளங்குகிறது, எங்களுக்கும் விளங்குகிறது. அதற்கு ஒரு அட்டை எழுத்தும் தேவைப்படவில்லை.

இதற்கிடையில், பத்துச் சதம் குறைந்த இன்னொருவரைக் கடைக்காரர்கள் கூடி அடித்து வெளியே எறிகிறார்கள். சப்ளின் தன் பொக்கெற்றைத் தடவுகிறார். நாணயம் இல்லை! அதற்குப் பிறகு வருகிற பத்து நிமிசம் முழுவதும் அந்த ஒரு நாணயத்தைப் பற்றித்தான். இன்னொரு வாடிக்கையாளர் கண்டெடுத்த நாணயம் பரிமாறுகிறவரின் ஓட்டைப் பொக்கெற்றால் கீழே விழ, சப்ளின் அதைக் காலால் மிதித்து மறைத்து, வியர்த்து விறுவிறுத்து எடுத்துக் கொடுத்தால், பரிமாறுகிறவர் கடித்துப் பார்க்கிறார். வளைகிறது. கள்ள நாணயம்!

கடைசியில் ஒரு ஓவியர் வந்து, உங்கள் இரண்டு பேரையும் வைத்துப் படம் வரையப் போகிறேன் என்கிறார், சாப்பாட்டுக் காசையும் தான் கொடுப்பதாகச் சொல்கிறார். சப்ளின் மரியாதைக்கு ‘வேண்டாம், வேண்டாம்’ என்கிறார். அவர் இன்னொரு முறை கேட்பார் என்ற நம்பிக்கையில் ஒரு முறை கூடுதலாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறார். ஓவியர் சரியென்று விட்டுவிடுகிறார்! இதைப் பார்த்துச் சிரிக்காத தமிழன் இருக்க மாட்டான். சாப்பிடச் சொன்னால் மூன்று தரம் மறுத்துப் பிறகு கை கழுவுகிற சாதியல்லோ நாங்கள்? பிறகு ஓவியர் தன் கணக்கைக் கொடுத்துவிட்டுத் தட்டில் விட்டுப்போன மிச்சச் சில்லறையாலேயே சப்ளின் தன் கணக்கைத் தீர்க்கிறார். கொட்டுகிற மழையில், கல்யாணப் பதிவு அலுவலகத்துக்குள் வெட்கப்படுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதோடு படம் முடிகிறது.

இந்தப் படம் சட்டத்துக்குப் பதில் சொல்ல என்று திட்டம் போட்டு எடுத்ததில்லை. மிச்சம் கிடந்த படச்சுருள்களைத் தேடி எடுத்து, கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983 இல் ஒரு ரெலிவிஷன் தொடர் செய்தார்கள். அதில் தெரிய வந்தது என்னவென்றால், சப்ளின் முதலில் எடுத்தது சாப்பாட்டுக் கடைக் காட்சியைத்தான். கப்பலும் இல்லை, குடியேற்றமும் இல்லை. பரிமாறுகிறவராக முதலில் ஹென்றி பேர்க்மன் நடித்தார். பயம் வரவில்லை என்று அவரை மாற்றி, பெருத்த உடம்புக்காரரான எரிக் கம்பெலைப் போட்டார்கள். பேர்க்மன் பிறகு ஓவியராக வந்தார். காசில்லாத இந்த இரண்டு பேரும் யார், எங்கேயிருந்து வந்தார்கள் என்று சப்ளின் யோசித்தபோதுதான் கப்பல் வந்தது. பசியையும் வெட்கத்தையும் முதலில் எடுத்தார், அதற்குப் பொருத்தமான ஆளைத் தேடப்போக, அகப்பட்டவன் குடியேற வந்தவன். எடுத்த படம் 40,000 அடிக்கு மேல், அதை வெட்டி வெட்டி இரண்டு சுருளாக்கினார். தான் எடுத்த படங்களிலேயே தன் மனதை அதிகம் தொட்டது இதுதான் என்று முதுமையில் சொன்னார்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

எல்லாப் பகிடிப் படங்களும் இப்படி நல்ல மனதோடு எடுக்கப்பட்டவை என்று சொன்னால் அது பொய். கீஸ்ரோன் காலத்துப் படங்களில் ஜேர்மன்காரர், யூதர், ஐரிஷ்காரர் என்று ஒவ்வொரு சாதி சனத்தையும் நெளித்துக் காட்டுகிற வேசங்கள் தாராளமாக உண்டு. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த காட்சிகளும் உண்டு. இன்று பிள்ளையளோடு பார்க்கும்போது அப்படியான இடங்களை மூடி மறைக்காமல், இது பிழை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சப்ளின் இதை யோசித்தவர். 1918 இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு உதாரணம் சொன்னார். அவருடைய படமொன்றில் மேல் மாடியிலிருந்து ஐஸ்கிரீம் வழுக்கிப் பணக்காரச் சீமாட்டி ஒருவரின் முதுகுக்குள் விழும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே ஐஸ்கிரீம் வீடு கழுவி வாழுகிற ஒரு ஏழைப் பெண்ணின் முதுகில் விழுந்திருந்தால் சிரிப்பு வராது, இரக்கம்தான் வரும் என்றார். இழக்கக் கௌரவம் உள்ளவர் இழந்தால்தான் பகிடி. இந்த அளவுகோலைப் பிடித்தால் எது நல்ல பகிடி, எது வெறும் கேலி என்று லேசாகப் பிரிக்கலாம்.

வீட்டை இழந்தவனும் ஊர்ப் பொலிசும்

சப்ளினைப் போலவே பெரியவர் பஸ்ரர் கீற்றன். 1895 இல் பிறந்தவர். தாய் தகப்பனோடு சின்ன வயதிலேயே மேடையேறி, தகப்பன் தூக்கி எறிய விழுந்து பழகியவர். எவ்வளவு அடிபட்டாலும் முகத்தில் சிரிப்பு வராது. அவர் சிரிக்காததால்தான் நாங்கள் சிரிக்கிறோம்.

1920 இல் வந்த அவருடைய ‘ஒரு கிழமை’ என்ற படத்தில் புதுமணத் தம்பதிக்குப் பெட்டிகளில் ஒரு வீடு பரிசாக வருகிறது. இலக்கப்படி பொருத்த வேண்டும். பொறாமைக்காரன் ஒருவன் இலக்கங்களை மாற்றிவிடுகிறான். கதவு மாடியில் வருகிறது, சுவர் கோணுகிறது, புயலில் வீடு பம்பரமாகச் சுற்றுகிறது. கடைசியில் காணியே பிழையான காணி! வீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது தண்டவாளத்தில் மாட்டுப்படுகிறது. ரயில் வருகிறது. கண்ணை மூடுகிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தால் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விட, மறுபக்கத்தால் இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்குகிறது. கீற்றன் என்ன செய்கிறார்? ‘விற்பனைக்கு’ என்று ஒரு அட்டையைச் சிதைவில் வைத்து, பொருத்துகிற விளக்கத் தாளையும் அதோடு விட்டுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார். வீட்டை விட்டுவிட்டு நடந்து வந்த எங்களுக்கு இந்தக் கடைசிக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

1922 இல் வந்த ‘பொலிஸ்காரர்’ படத்தில் ஒன்றும் அறியாத ஒருவனை நகரத்தின் முழுப் பொலிசும் துரத்துகிறது. அதன் முடிவு சந்தோசமானதில்லை. கடைசி அட்டையில் ஒரு கல்லறையும் அதன் மேல் அவருடைய தட்டைத் தொப்பியும். பகிடிப் படத்தை இப்படியும் முடிக்கலாம் என்ற துணிவு அவருக்கு இருந்தது.

பாஷை வந்தது, மதில் வந்தது

1927 இல் பேசும் படம் வந்து வெற்றி பெற்றதும் இந்த உலகம் சில வருடங்களில் மறைந்தது. படம் பேசத் தொடங்கியதும் எந்தப் பாஷையில் பேசுவது என்ற கேள்வி வந்தது. லோரலும் ஹார்டியும் ஒரே பகிடியை ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் திரும்பத் திரும்ப நடித்தார்கள். அந்த மொழிகள் அவர்களுக்குத் தெரியாது. உச்சரிப்பைத் தங்கள் எழுத்தில் கரும்பலகையில் எழுதி, கமராவுக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்து வாசித்தார்கள். பிழையான உச்சரிப்பே அந்த நாட்டுச் சனத்துக்குப் புதுப் பகிடியாகிவிட்டது.

சப்ளின் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. 1931 இல் ‘சிற்றி லைற்ஸ்’ படத்தையும் பேச்சில்லாமலே எடுத்தார். 1932 இல் உலகப் பயணத்தின்போது இலங்கைக்கும் வந்து கொழும்பையும் கண்டியையும் பார்த்துப் போனார். 1936 இல் ‘மொடேர்ண் ரைம்ஸ்’ படத்தில்தான் அந்த நாடோடியின் குரல் முதல் தடவையாகக் கேட்டது. அதுவும் ஒரு பாட்டு. இத்தாலியனா பிரெஞ்சா என்று சொல்ல முடியாத, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, கருத்தில்லாத சொற்களில் பாடினார். சனத்துக்குக் கருத்து விளங்கியது அவருடைய கையாலும் கண்ணாலும்தான்.

அமெரிக்காவில் நாற்பது வருடம் வாழ்ந்தும் அவர் அந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. 1952 செப்டம்பரில் புதுப் படம் ஒன்றின் வெளியீட்டுக்காக லண்டனுக்குக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் நிற்க, அவர் திரும்பி வருவதற்கான அனுமதி ரத்து என்று அறிவித்தார்கள். குடியேற வந்தவனைக் கயிறு கட்டி நிறுத்தியதைப் படமாக்கியவருக்கு, 35 வருடம் கழித்து அதே துறைமுகத்தின் கதவு அடைபட்டது. 1953 இல் குடும்பத்தோடு வந்து குடியேறியது நாங்கள் இருக்கிற இந்தச் சுவிஸ் நாட்டில்தான். ஜெனீவா ஏரிக்கரையில் வெவே நகருக்குப் பக்கத்தில் கோர்சியே என்ற ஊர். 1972 இல் ஒஸ்கார் கௌரவ விருதுக்காக ஒருமுறை அமெரிக்கா போனார். சபை முழுக்க எழும்பி நின்று நீண்ட நேரம் கைதட்டியது. 1977 நத்தார் நாளன்று கோர்சியேயில் காலமானார். அந்த ஊரிலேயே அடக்கம். அவர் வாழ்ந்த வீடு 2016 ஏப்ரலிலிருந்து அருங்காட்சியகம். வெவே ஏரிக்கரையில் அவருடைய சிலையும் நிற்கிறது.

பிள்ளையளோடு ஒரு இருபது நிமிசம்

எங்கட வீடுகளில் இப்போது மூன்று தலைமுறை இருக்கிறது. அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும். பேரனுக்கு ஜேர்மன் அல்லது பிரெஞ்சு முந்தி வருகிறது. இரண்டு பேரும் ஒரே படத்தை ஒன்றாக இருந்து பார்ப்பது குறைந்துவிட்டது. ஒருவருக்கு ஓடும்போது மற்றவருக்கு விளங்காது, நடுவில் தாயோ தகப்பனோ மொழிபெயர்க்க வேணும். இந்தப் படங்களுக்கு அந்தத் தரகர் தேவையில்லை. கோப்பை வழுக்கும்போது இரண்டு பேரும் ஒரே செக்கனில் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே வந்த முதல் வருடங்களைப் பற்றி நாங்கள் பிள்ளையளுக்கு அதிகம் சொல்வதில்லை. சொன்னால் வெட்கம். கடையில் காசை நாலு தரம் எண்ணிப் பார்த்தது, சீருடையைக் கண்டால் எங்கட கை தானாகக் கடதாசியைத் தடவியது, எந்த இடத்தில் தொப்பியைக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றது. இதெல்லாம் எங்களுக்கு மட்டும் வந்த அவமானம் என்று மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். நூறு வருடத்துக்கு முன்பே இதை ஒருவர் திரையில் போட்டுக் காட்டினார். உலகம் சிரித்தது, ஆனால் அந்த ஏழையைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கவில்லை. அவன் பக்கம் நின்று, கயிற்றையும் பரிமாறுகிறவரின் முறைப்பையும் பார்த்துச் சிரித்தது.

இந்த வருடப் பிறப்புக்கு, கைவிசேடம் கொடுத்து, பலகாரம் சாப்பிட்டு முடிந்த பிறகு, இருபது நிமிசம் ஒதுக்கி, 1917 இன் அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கோ. நாணயம் வளைகிற இடத்தில் பிள்ளை சிரித்து முடிய, ‘இப்படி எனக்கும் ஒருமுறை நடந்தது’ என்று உங்கட கதையைத் தொடங்குங்கோ. பிள்ளை கேட்கும்.

எல்லாருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.